இரும்பை இறக்க எந்த மருந்து? தலசீமியா குழந்தையோடு மலையில் வாழும் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை ரத்தநோயான தலசீமியா உள்ள குழந்தைக்கு, உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 1000-ஐத் தாண்டிவிட்டது, இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், பெற்றோர் பலர் அன்றிரவே கைபேசியில் தேடிப் பார்க்கிறார்கள். ‘பரம்பரை நோய்’, ‘உடலில் இரும்பு மிகை’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற வேறொரு நோய். அதற்கான சிகிச்சை ரத்தத்தை எடுத்துவிடுவது என்று அங்கே எழுதியிருக்கும். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் என் அக்காவும் அதைப் படித்துவிட்டு, “தம்பி, ரத்தம் எடுத்தாலே இரும்பு இறங்கிடும்னு போட்டிருக்கே, நம்ம பையனுக்கு ஏன் அதைச் செய்யலை?” என்று கேட்டார். அக்கா மகனின் மருந்துக்காகவும் பரிசோதனைக்காகவும் சேலத்தில் பல ஆண்டுகளாக அலைந்துவரும் தாய்மாமன் நான், மருத்துவன் அல்லன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் ரத்தநோய் மருத்துவர்தான். ஆனால் அவர் இரண்டு மூன்று வழிகளை முன்வைத்து, உங்களுக்கு எது தோதுப்படும் என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். அந்தப் பதிலுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

## ஒரே மிகை, இரண்டு நோய்கள்

நம் உடலுக்கு இரும்பை உள்ளே எடுக்கத் தெரியும். வெளியே தள்ளத் தெரியாது. நாள்தோறும் தோலும் குடற்சுவரும் உதிர்வதில் 1 முதல் 2 மில்லிகிராம் வரை போகும், அவ்வளவுதான். எனவே எவ்வளவு இரும்பு உள்ளே வர வேண்டும் என்பதைக் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கட்டுப்படுத்துகிறது. ஹீமோகுரோமடோசிஸில் மரபணுப் பிழையால் அந்த ஹெப்சிடின் போதிய அளவு சுரப்பதில்லை. குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், பல ஆண்டுகளில் அது கல்லீரலிலும் கணையத்திலும் இதயத்திலும் மூட்டுகளிலும் படிகிறது. 1996-இல் கண்டறியப்பட்ட எச்.எஃப்.இ. மரபணுவின் பிழை வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலாக உண்டு. நம் நாட்டில் அந்தக் குறிப்பிட்ட பிழை மிக அரிது. அந்த நோயாளிகளுக்கு ரத்தம் குறைவில்லை. ஆகவே ஒருமுறை 450 முதல் 500 மில்லி ரத்தம் எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும். எடுத்த ரத்தத்தை உடல் மீண்டும் ஊறவைத்துக்கொள்ளும்.

பீட்டா தலசீமியாவிலும் ஹெப்சிடின் குறைகிறது. போதிய ரத்த அணுக்களை உண்டாக்கத் திணறும் எலும்பு மஜ்ஜை எரித்ரோஃபெரோன் என்ற ஒன்றைச் சுரந்து கல்லீரலின் கையைக் கட்டிவிடுகிறது என்பது 2014-இல் தெரியவந்தது. ஆனால் தீவிர தலசீமியா உள்ள குழந்தைக்கு இரும்பு பெருமளவில் வருவது குடல் வழியாக அல்ல, ஏற்றும் ரத்தத்தின் வழியாக. ஒரு யூனிட் சிவப்பணுவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆண்டுக்கு 15 யூனிட் ஏறினால் 3000 மில்லிகிராம் சேரும். வளர்ந்த ஓர் ஆளின் முழு உடலிலும் இருப்பதே 3000 முதல் 4000 மில்லிகிராம்தான். இந்தக் குழந்தையின் ரத்தத்தை எடுத்தால், எதற்காக ரத்தம் ஏற்றினோமோ அதையே பறித்ததாகிவிடும். ஆகவே இங்கே இரும்பை மட்டும் பற்றிக்கொண்டு சிறுநீரிலோ மலத்திலோ இறங்கும் மருந்து தேவைப்படுகிறது. பொதுவாக 10 முதல் 20 முறை ரத்தம் ஏற்றிய பிறகோ, ஃபெரிட்டின் 1000-ஐத் தாண்டும்போதோ இதைத் தொடங்குகிறார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கடையில் மருந்தின் விலையைக் கேட்டு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு; நாங்களும் செய்தோம். இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கண்காணிப்புப் பரிசோதனையைக் கூடவே அழைத்து வருகிறது. அந்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய முடியாத வீட்டில், மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் அது ஆபத்தானது. எனவே நான் முதலில் வைக்கும் அளவுகோல், எந்தப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை வேண்டும், அதற்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது. அடுத்தது, அன்றாடம் யார் கையால், எத்தனை வேளை கொடுப்பது என்பது. மூன்றாவது, இரும்பு எந்த உறுப்பில் அதிகம் படிந்திருக்கிறது என்பது. ஃபெரிட்டின் இதைச் சொல்லாது. காய்ச்சல் வந்தாலே அது ஏறிவிடும். டி2 ஸ்டார் எனப்படும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையே சொல்லும்: இதயத்தில் அந்த அளவு 20 மில்லி வினாடிக்குக் கீழே போனால் இரும்பு படிந்திருக்கிறது, 10-க்குக் கீழே போனால் நிலைமை கடுமை என்று பொருள். நான்காவது, எந்த அறிகுறியைக் கண்டால் உடனே மருந்தை நிறுத்த வேண்டும், அதை அந்த வீட்டில் யார் கவனிப்பார் என்பது. மருந்தின் விலையை இவற்றுக்குப் பிறகுதான் வைக்கிறேன்.

## பம்ப் ஊசி: டெஸ்ஃபெரியாக்சமின்

1960-களிலிருந்து பயன்பட்டுவரும் மருந்து இது. நீண்ட அனுபவம் உள்ளதால் மருத்துவர்களுக்கு இதன் போக்கு நன்றாகத் தெரியும். வாய்வழி கொடுத்தால் வேலை செய்யாது. ரத்தத்தில் சிறிது நேரமே தங்கும். ஆகவே பேட்டரியில் ஓடும் சிறு பம்ப் வழியாக, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து, ஓர் இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 முதல் 7 இரவுகள் செலுத்த வேண்டும். குழந்தைகளுக்குப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 20 முதல் 40 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 40 மில்லிகிராம் வீதம் 800 மில்லிகிராம் என்றால், 500 மில்லிகிராம் குப்பிகள் இரண்டு ஓர் இரவுக்கே உடையும்.

இதன் மறைமுகச் செலவு பம்பும் ஊசியும் மட்டும் அல்ல. ஒவ்வோர் இரவும் தாய் தன் பிள்ளையைக் குத்த வேண்டியிருக்கிறது. குத்திய இடம் தடிக்கும், அரிக்கும், கட்டியாகும். வளர வளரப் பிள்ளை மறுக்கத் தொடங்கும்; பதின்ம வயதில் இந்த ஊசி நின்றுபோகும் வீடுகள் பல, அதற்குப் பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உடலில் இரும்பு குறைவாக இருக்கும்போது அளவு மிகுந்தால் கேட்கும் திறன், பார்வை, எலும்பு வளர்ச்சி ஆகியவை பாதிக்கப்படலாம் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை காதும் கண்ணும் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சலோடு வயிற்று வலியும் வந்தால், யெர்சினியா என்ற கிருமி இந்த மருந்தைப் பயன்படுத்திக்கொண்டு பெருகக்கூடும் என்பதால், ஊசியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனாலும் இதுவே சிறந்த வழியாகும் நிலைமைகள் உண்டு. இதயம் தளர்ந்துபோன நோயாளிக்கு மருத்துவமனையில் 24 மணி நேரமும் நரம்பு வழியாக இதைச் செலுத்துவது உயிர்காக்கும் சிகிச்சை. அடுத்து சொல்லப்போகும் மாத்திரைகள் இரண்டும் ஒத்துக்கொள்ளாதவருக்கும் மாற்று வழி இது. கருவுறத் திட்டமிடும் தலசீமியாப் பெண்கள் மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருப்பதால், அவர்களுடைய மருத்துவரும் முதலில் இந்த ஊசியைத்தான் நினைத்துப் பார்ப்பார். வாரந்தோறும் மலையிறங்க வேண்டிய தேவை இதற்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## மூன்று வேளை மாத்திரை: டெஃபெரிப்ரோன்

இதய இரும்பை இறக்குவதில் இது வலுவானது. சிறிய மூலக்கூறு என்பதால் இதயச் செல்லுக்குள்ளேயே புகுந்து இரும்பைப் பற்றிக்கொண்டு வரும். சிறுநீரகத்துக்குச் சுமை தருவதில்லை. இந்தியாவில் இது 1990-களின் நடுப்பகுதியிலேயே கிடைக்கத் தொடங்கியது. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து; 20 கிலோ பிள்ளைக்கு வேளைக்கு 500 மில்லிகிராம். சிறுநீர் செம்பழுப்பாக இறங்கும். அது இரும்பு போவதன் அடையாளம், ரத்தம் அன்று; முதல் நாளிலேயே இதைப் பாட்டியிடமும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் வீடே கலங்கிப்போகும்.

இதன் பெரிய ஆபத்து, நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு, நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளையணுக்கள் திடீரென அற்றுப்போவது. அந்த வேளையில் சாதாரணத் தொண்டைப்புண் கூட உயிருக்கு உலைவைக்கும். அதனால்தான் தொடக்கத்தில் வாரந்தோறும் ரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்கிறார்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால் மாத்திரையை அந்த வேளையே நிறுத்தி, அன்றே எண்ணிக்கை பார்க்க வேண்டும்; மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

இந்த ஒரு வாக்கியம் மலையில் எவ்வளவு கனமானது என்பதை நாங்கள் ஒரு நவம்பர் மழையில் தெரிந்துகொண்டோம். இரவு எட்டு மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல். கடைசிப் பேருந்து போய்விட்டது. மச்சான் காய்கறி ஏற்றும் வண்டி ஒன்றைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மழையில் இறங்கி நள்ளிரவில் சேலம் வந்து சேர்ந்தார். அந்த நேரத்தில் திறந்திருந்த ஒரு பரிசோதனைக் கூடத்தில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நமக்கு வேண்டியது நியூட்ரோஃபில் எண்ணிக்கை. 1500-க்குக் கீழே போனால் எச்சரிக்கை, 500-க்குக் கீழே போனால் பேராபத்து. மொத்தம் சரியாக இருந்து இது மட்டும் சரிந்திருக்கவும் கூடும். மறுபடியும் ஊசி குத்தி, வேறிடத்தில் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிய விடிந்துவிட்டது. அன்றிலிருந்து, ‘நியூட்ரோஃபில் எண்ணிக்கை தனியாக வேண்டும்’ என்று ஒரு அட்டையில் எழுதிப் பையனின் மருத்துவக் கோப்பின் முகப்பிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு உண்டு. மூட்டு வலி, குறிப்பாக முழங்கால் வீக்கம், நம் நாட்டுப் பிள்ளைகளிடம் கணிசமாகக் காணப்படுகிறது. பிள்ளை தரையில் சம்மணமிட மறுத்தால் சோம்பல் என்று அதட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மதிய வேளை மாத்திரை பள்ளியில் விழ வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் விடியலிலேயே தோட்டத்துக்குப் போய்விடும் பெற்றோருக்கு, அந்த ஒரு வேளையை ஆசிரியரின் கருணையில்தான் விட வேண்டியிருக்கிறது.

## ஒரு வேளை மாத்திரை: டெஃபெரசிராக்ஸ்

ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதால் நாளொன்றுக்கு ஒரு வேளை போதும். அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெற்றது. 2 வயதிலிருந்தே கொடுக்கலாம் என்பதால், இன்று புதிதாகத் தொடங்கும் சிறு பிள்ளைகள் பலருக்கு முதலில் எழுதப்படுவது இதுதான். கரையும் மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாவது, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்க வேண்டும். அடியில் தங்கும் மண்டியையும் மறுபடி தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்துவிட வேண்டும். ஆரஞ்சுச் சாற்றிலும் கரைக்கலாம். நம் மலையில் கமலா ஆரஞ்சுக்குக் குறைவில்லை என்றாலும் தண்ணீரே போதும் என்பது என் எண்ணம். பழம் இல்லாத மாதங்களில் பிள்ளை மருந்தையே மறுக்கும் பழக்கம் வரக் கூடாது.

இதில் இரும்பு மலத்தில் இறங்குகிறது, ஆகவே சிறுநீர் நிறம் மாறாது. மருந்து வேலை செய்யவில்லையோ என்று பயப்பட வேண்டாம். இதன் கவலை சிறுநீரகமும் கல்லீரலும். தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை இருமுறை, முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் கிரியாட்டினினும் கல்லீரல் பரிசோதனையும் வேண்டும். ரத்தம் ஏற்ற எப்படியும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இறங்கி வரும் குடும்பம், அதே நாளில் அதே ஊசியில் இந்தப் பரிசோதனையையும் முடித்துவிடலாம். மலைக் குடும்பத்துக்கு இந்த மருந்து தரும் மிகப் பெரிய சலுகை இதுதான். ஆனால் வாந்தியோ பேதியோ கடும் காய்ச்சலோ வந்து பிள்ளை உடல்நீர் வற்றிக் கிடக்கும்போது இந்த மாத்திரையைக் கொடுத்தால் சிறுநீரகம் அடிபடும். மருத்துவரிடம் கேட்டு, தேறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கரைக்கும் மாத்திரை, விழுங்கும் மாத்திரை என்று இதில் இரண்டு வகை உண்டு; இரண்டின் அளவும் ஒன்றல்ல. கரைக்கும் வகையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் விழுங்கும் வகையில் ஏறத்தாழ 14 மில்லிகிராம்தான் அதற்கு ஈடு. மருந்துக் கடையில் ஒன்று இல்லாதபோது, அதே மருந்துதானே என்று மற்றதை அதே மில்லிகிராம் கணக்கில் கொடுத்தால் அளவு மிகுந்துவிடும். வகையின் பெயரையும் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | பம்ப் ஊசி | டெஃபெரிப்ரோன் | டெஃபெரசிராக்ஸ் |
|---|---|---|---|
| எத்தனை வேளை | வாரம் 5–7 இரவு, 8–12 மணி நேரம் | நாளுக்கு 3 வேளை | நாளுக்கு 1 வேளை, வெறும் வயிற்றில் |
| இரும்பு போகும் வழி | சிறுநீர், மலம் | சிறுநீர் | மலம் |
| கட்டாயப் பரிசோதனை | ஆண்டுதோறும் காது, கண். வளர்ச்சி | நியூட்ரோஃபில் எண்ணிக்கை, தொடக்கத்தில் வாரந்தோறும் | மாதந்தோறும் கிரியாட்டினின், கல்லீரல். ஆண்டுதோறும் காது, கண் |
| உடனே நிறுத்த வேண்டியது | காய்ச்சலுடன் வயிற்று வலி | எந்தக் காய்ச்சலும், தொண்டை வலியும் | வாந்தி, பேதி, உடல்நீர் வற்றல் |
| மறைமுகச் செலவு | பம்ப், ஊசிகள், தாயின் இரவு | வாராந்திரப் பயணம், பள்ளியில் மதிய வேளை | மாதப் பரிசோதனை, மாத்திரை வகைக் குழப்பம் |
| யாருக்கு முதலில் | இதயம் தளர்ந்தவர், மாத்திரை ஒவ்வாதவர் | இதய இரும்பு மிகுந்தவர், சிறுநீரகம் பலவீனமானவர் | புதிதாகத் தொடங்கும் பிள்ளை, தூரத்தில் வாழ்பவர் |

ஒரு மருந்து போதாதபோது இரண்டைச் சேர்ப்பதும் உண்டு; பகலில் டெஃபெரிப்ரோன், வாரத்தில் சில இரவுகள் பம்ப் ஊசி என்பது இதய இரும்பு மிகுந்தவர்களுக்கு நன்கு பழகிய முறை. அப்போது இரண்டின் பரிசோதனைகளும் சேர்ந்தே வரும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

## அப்படியானால் ரத்தம் எடுப்பது யாருக்கு?

என் அக்காவின் கேள்விக்கு ஒரு நிலைமையில் ‘ஆம்’ என்ற பதிலும் உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்ற பிள்ளைக்கு இனி ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் அதுவரை படிந்த இரும்பு தானாகப் போகாது. மஜ்ஜை நன்றாக வேலை செய்வதால், எடைக்கு ஏற்ற அளவு ரத்தத்தை இடைவெளி விட்டு எடுத்து அந்த இரும்பை இறக்கலாம். அப்போது இதுவே எளிய, மலிவான வழி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்துவருகிறது. உடன்பிறந்தவரின் திசு பொருந்தும் சிறு பிள்ளைகளுக்கு, கல்லீரலில் இரும்பு முற்றுமுன் செய்வதே நல்ல பலன் தரும் என்பதால், இரும்பை இப்போதே இறக்கி வைப்பது பின்னாளில் அந்தக் கதவைத் திறந்து வைப்பதுமாகும்.

## சாப்பாட்டால் இறக்கலாமா?

முருங்கைக் கீரை, கேழ்வரகு, வெல்லம், பேரீச்சை எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை வாட்டும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. மாதாமாதம் ரத்தம் ஏறும் பிள்ளைக்கு ஒரு யூனிட்டில் 200 மில்லிகிராம் வருகிறது. ஒரு நாள் உணவிலிருந்து உடல் எடுப்பது ஓரிரு மில்லிகிராம். கல்லீரல், ரத்தப் பொரியல் போன்றவற்றைத் தவிர்த்து, சாப்பாட்டோடு தேநீரோ காப்பியோ சிறிது குடிப்பது இரும்பு உறிஞ்சலைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது. ரத்தம் அரிதாகவே ஏற்ற வேண்டியிருக்கும் இடைநிலை தலசீமியாவில் மட்டும் குடல்வழி இரும்பே முக்கியம் என்பதால், அங்கே உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பெரிய இடம் உண்டு.

உண்மையில் கவனிக்க வேண்டியது அங்கன்வாடியில் கொடுக்கும் இரும்புச் சத்து மருந்தும், பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்பு மாத்திரையும். மற்றப் பிள்ளைகளுக்கு அவை மிகவும் தேவை. தலசீமியா உறுதியான பிள்ளைக்குக் கூடாது. சோகை என்ற சொல்லைக் கேட்டதும் டானிக் எழுதிக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. எந்த மருத்துவரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

## எங்கள் வீட்டில் எடுத்த முடிவு

பையன் இதய எம்.ஆர்.ஐ.யில் தேறியிருந்ததாலும், சிறுநீரகம் நன்றாக இருந்ததாலும், மருத்துவரோடு பேசி டெஃபெரசிராக்ஸுக்கு மாறினோம். இதயத்தின் டி2 ஸ்டார் அளவு 20-க்குக் கீழே இருந்திருந்தால் எத்தனை சிரமம் என்றாலும் டெஃபெரிப்ரோனிலேயே நிற்கச் சொல்லியிருப்பேன்; அந்த ஆண்டு பையனை அம்மாவோடு என் வீட்டில், சேலத்திலேயே தங்க வைத்திருப்பேன். ஏற்காட்டுப் பக்கமே வாழ்ந்து, வாரந்தோறும் இறங்க முடியாத குடும்பத்துக்கு, இதயத்தில் இரும்பு இல்லாதவரை டெஃபெரசிராக்ஸ்தான் என் தேர்வு. சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் உறுப்பின் நிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, தனியார் கடைக்குப் போகுமுன் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த மருந்து இருப்பில் கிடைக்கிறது என்று கேட்டுவிடுங்கள். இடையில் தீர்ந்துபோகும் மருந்து பாதிச் சிகிச்சைதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் தன் பட்டியலில் சேர்த்திருப்பதால், அதற்கான அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

அக்காவும் மச்சானும் மாமன் மகன், அத்தை மகள் உறவில் மணந்தவர்கள். இருவரும் தலசீமியாவுக்குக் காரணமான பிழையுள்ள மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவர்கள் என்பது பையன் பிறந்த பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். இப்போது எங்கள் வீட்டில் யாருக்குப் பெண் பார்த்தாலும் மாப்பிள்ளை பார்த்தாலும் ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை முதலில் செய்துவிடுகிறோம். போன தையில் என் தங்கை மகளுக்குச் செய்தோம், அவள் சுமப்பவள் அல்லள் என்று வந்தது.